சவுக்கின் கால்

பன்னிரண்டாம் நம்பர் சவுக்கு மரத்தைச் சுற்றி வந்த டேப், ஐம்பத்திரண்டு புள்ளி நான்கில் வந்து முட்டியது. பவ்யா அதை நன்றாகவே பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஐம்பத்தஞ்சு புள்ளி ஆறு" என்றாள்.

சொன்னது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. காலையிலிருந்து பதினோரு மரங்களுக்கு அவள் சொன்ன எண்கள் காதில் விழுந்தும் விழாமலும் போயின. ஒவ்வொரு மரத்துக்கும் "சத்தமா சொல்லும்மா" என்று ஹேமந்த் கேட்க வேண்டியிருந்தது. இந்த எண் மட்டும் தகரத்தின் மேல் கல் விழுந்த மாதிரி விழுந்தது.

ஹேமந்த் பெங்களூரிலிருந்து வந்த சர்வே ஆள், இருபத்தைந்து வயதிருக்கும். மரத்தின் சுற்றளவையும் உயரத்தையும் அவன் போனில் தட்டினால் போதும். மரத்தின் உடம்பு எவ்வளவு, மூன்று வருஷத்துக்கு முன்னால் எவ்வளவு இருந்தது, இனிமேல் வளருமா, வளராமல் நின்றுவிட்டதா என்று அது ஒரு கோடு இழுத்துக் காட்டிவிடும். பன்னிரண்டாம் நம்பருக்குக் கோடு சிவப்பாகி மேலே துள்ளியது.

"மேக்ஸ்வெல், ஒன் மினிட். இந்த மரம் மட்டும் ஜம்ப் ஆகுது. திரும்ப அளந்து பாருங்க."

மேக்ஸ்வெல் இதே சுரங்க ஊரின் கோரமண்டல் பகுதிக்காரர். சர்வேக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் மேஸ்திரி. பவ்யாவை டேப் பிடிக்கக் கூப்பிட்டதும் அவர்தான். அவர் கையிலிருந்த குச்சியை மரத்தோரம் ஊன்றினார். ஒரு மீட்டர் முப்பத்தேழு சென்டிமீட்டர் நீளமுள்ள குச்சி அது. தரையிலிருந்து அந்த உயரத்தில்தான் மரத்தை அளக்க வேண்டும் என்பது விதி. நெஞ்சு உயரம் என்பார்கள். குச்சியின் நுனி தொட்ட இடத்தில் அவரே டேப்பைச் சுற்றினார்.

"ஐம்பத்திரண்டு நாலு சார்," என்றவர் பவ்யா பக்கம் திரும்பினார். "இன்னா பவ்யா, கண்ணு பங்காருபேட்டை ஜங்ஷன்ல எறங்கிடுச்சா? மூணு சென்டிமீட்டர் எங்கிருந்து புடிச்சாந்தே?"

குச்சி பிடிக்க வந்த இரண்டு ஆட்களும் சிரித்தார்கள். பவ்யா சிரிக்கவில்லை.

"வேணும்னேவா சொன்னே?" ஹேமந்தின் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

ஆமாம் என்று தலையாட்டினாள்.

பதினோராவது மரம் முடிந்தபோது அவன் மேக்ஸ்வெலிடம் போனைக் காட்டிச் சொன்னதை அவள் கேட்டிருந்தாள். "பாத்தீங்களா, எல்லாமே ஃப்ளாட். மூணு வருஷத்துல சுத்தளவு ஏறவே இல்ல. உயரமும் அதேதான். நின்னுபோன மரங்க இதெல்லாம். ஆடிக்கு முன்னாடி மொத்தமா வெட்டிட்டுப் புதுக் கன்னு வெக்கலாம்னு ரிப்போர்ட் குடுத்துடறேன்." அதைச் சொன்னபோது அவன் முகத்தில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கணக்கு சரியாக வந்த திருப்திதான் இருந்தது. அந்தத் திருப்தியைக் கலைக்கத்தான் அடுத்த மரத்துக்கு அவள் வேறு எண் சொன்னாள்.

மேக்ஸ்வெல் அளவு ஷீட்டையும் பேனாவையும் அவளிடம் நீட்டினார். அடியில் 'டேப் பிடித்தவர் கையெழுத்து' என்று கட்டம் போட்டிருந்தது. "பன்னெண்டை நானே திருத்திட்டேன். இதுல கையெழுத்து போட்டுட்டு அடுத்த மரத்துக்கு வா."

"போட மாட்டேன் அங்கிள்."

"இன்னாது?"

"மரம் வளந்துதான் இருக்குது."

"யாரு சொன்னா உனுக்கு? மரமா?"

என் நோட்டு என்று சொல்ல வந்தாள். சொன்னால் நோட்டைக் காட்டச் சொல்வார்கள். பேனாவை அவர் கையிலேயே திணித்துவிட்டு, துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு, சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய லைன் வீடுகளைப் பார்க்க நடந்தாள். "கையெழுத்து இல்லாம ஷீட்டு செல்லாதும்மா! நாளன்னிக்கு ஆபீசர் மேடம் வராங்க!" என்று மேக்ஸ்வெல் பின்னால் கத்தியது கேட்டது. கேட்கட்டும் என்று நடந்தாள்.

அந்த நாற்பத்தொரு சவுக்கு மரங்களும் ஒரே வரிசையில் நின்றன. ஒரு பக்கம் லைன் வீடுகள், மறுபக்கம் சயனைடு மேடு. தங்கம் எடுத்த காலத்தில் பாறையை மாவாக அரைத்து, சயனைடில் கழுவித் தங்கத்தைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை மலையாகக் கொட்டி வைத்தார்கள். பவ்யா பிறப்பதற்கு ஐந்து வருஷத்துக்கு முன்பே சுரங்கத்தை மூடிவிட்டார்கள். மேட்டை யாரும் மூடவில்லை. ஆடிக் காற்று வந்தால் அது எழுந்து நடக்கும். சோற்றில் மணல், குடத்தில் மணல், அவள் அம்மா சுந்தரியின் தையல் மெஷினுக்கு எண்ணெய் விடும் ஓட்டையில் மணல். பக்கத்து வீட்டுக் கங்கம்மா அத்தை வருஷத்தில் நான்கு மாதம் மூச்சுக்குப் பம்பு அடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவாள்.

பதினான்கு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான் ஆபீசர் இந்தச் சவுக்குகளை நட்டார். மரம் தலைக்கு மேல் போனபிறகுதான் கங்கம்மா அத்தை ஆடியில் படுத்துத் தூங்கினாள். இப்போது வெட்டிவிட்டுக் கன்று வைத்தால், கன்று மரமாக ஏழெட்டு வருஷம் ஆகும். அத்தனை ஆடியும் யார் மூச்சில் போகும் என்று போனில் வரும் கோட்டுக்குத் தெரியாது.

பவ்யா இந்த மரங்களை அளக்கத் தொடங்கியது மூன்று வருஷத்துக்கு முன்னால். ஊரடங்கில் பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. பாடம் போனில் நடந்தது, அவள் வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவோடு விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போனது. பள்ளி திறந்தபோது மற்றவர்களெல்லாம் எங்கேயோ முன்னே போயிருந்தார்கள். வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னால் அவளுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு திங்கட்கிழமை போகாமல் இருந்தாள், அப்புறம் எந்தத் திங்கட்கிழமையும் போகவில்லை.

அந்தச் சமயம்தான் முதல் சர்வே வந்தது. யாரோ நாலு பேர் வந்து, மரத்துக்கு ஒரு தகர நம்பர் அடித்து, குச்சி வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த பவ்யாவுக்கு அந்த வேலை பிடித்துப்போனது. யாரும் பேசத் தேவையில்லாத வேலை. மறுநாளே அம்மாவின் தையல் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் அளந்த அதே உயரத்தில் நாற்பத்தொன்றையும் அளந்தாள். அடுத்த தடவை இடம் மாறக் கூடாதே என்று, ராபர்ட்சன்பேட்டை பஜாரில் வாங்கிய நெயில் பாலிஷால் ஒவ்வொரு மரத்திலும் ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். பட்டை உரிந்து பொட்டு மங்கும்போதெல்லாம் அதன் மேலேயே இன்னொரு பொட்டு.

பத்தாம் வகுப்புக் கணக்கு நோட்டில் நிறைய வெற்றுப் பக்கங்கள் இருந்தன. அதில் தொடங்கி இப்போது நான்காவது நோட்டு. நான்கும் அம்மாவின் லைனிங் துணி மூட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தன. படிப்பை விட்ட பெண் தோப்பில் தனியாக மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று தெரிந்தால், ஊர் அவளை ஒன்று பைத்தியம் என்னும், இல்லாவிட்டால் அதைவிட மோசமாக ஏதாவது சொல்லும்.

நோட்டில் மரங்கள் தங்களைப் பற்றி நிறையச் சொல்லியிருந்தன. மழை முடிந்த மூன்று மாதத்தில் பருப்பது மிச்ச ஒன்பது மாதத்தில் பருப்பதைவிட அதிகம். சாக்கடையோரம் நிற்கும் பதினேழாம் நம்பர் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு வேகம். ஸ்டூல் போட்டு ஏறி, ஒவ்வொரு மரத்தையும் பல உயரங்களில் அளந்து பார்த்திருந்தாள். அடிப்பகுதியில் ஒரு மீட்டர் மேலே போனால் சுற்றளவில் ஏறக்குறைய பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைந்தது. எல்லா மரத்துக்கும் அந்தக் கணக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னே பின்னேதான் இருந்தது. உயரம் நின்றுபோனது உண்மை. அதைக் காற்று செய்தது. ஒவ்வொரு ஆடியிலும் அது உச்சிக் கொழுந்தை ஒடித்துவிடும். ஆனால் உயரப் போக முடியாத மரம் சும்மா இருக்கவில்லை, உடம்பைப் பெருக்கிக்கொண்டது. அவள் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள் முன்பு போலச் செங்குத்தாக இல்லை, வளைந்து மெதுவாகத்தான் போயின. ஆனாலும் ஏறிக்கொண்டுதான் இருந்தன. பன்னிரண்டாம் நம்பரின் கடைசி அளவு ஐம்பத்தைந்து புள்ளி ஆறு.

அப்படியிருக்க, இன்று அதே மரம் குச்சி வைத்த இடத்தில் எப்படி வளராமல் போனது? குச்சியின் நுனி அவள் பொட்டுக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது. பொய் எது, குச்சியா, பொட்டா? வீடு வந்து சேரும்வரை அவளுக்கு விளங்கவில்லை.

"இன்னாடி, மத்தியானமே வந்துட்டே?" மெஷினை மிதித்தபடியே சுந்தரி கேட்டாள்.

"வேலை முடிஞ்சிடுச்சும்மா."

"ரெண்டு நாளுன்னாங்க? சரி, வந்தது வந்தே, இப்டி நில்லு. ஆடிக்கு உனுக்கு ஒரு டாப்பு வெட்டறேன்." சுந்தரி கொடியிலிருந்து அவளுடைய பழைய டாப்பை உருவிப் புதுத் துணியின் மேல் பரப்பினாள். "அளவே எடுக்கத் தேவல்ல. பதினஞ்சு வயசுல தச்சது, இன்னிக்கும் அதே நீளம். வளத்தி அவ்ளோதான் உனுக்கு. உங்கப்பன் வம்சம்."

பவ்யா நின்ற இடத்திலேயே நின்றாள்.

முதல் நாள் பொட்டு வைத்தபோது அது அவள் வாய்க்கு நேராக இருந்தது. நெயில் பாலிஷ் வாசனை மூக்கில் ஏறியது நன்றாக நினைவிருந்தது. இப்போது பொட்டு நெஞ்சுக்கு நேராக இருக்கிறது. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை அவள் கவனிக்காமல் இல்லை. நான் வளர்ந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதில் உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. இங்கேயோ கத்தரிக்கோல் பழைய டாப்பின் ஓரத்திலேயே நகர்ந்து போகிறது, அரை அங்குலம்கூட விலகாமல்.

அவள் வளரவில்லை. மரத்தின் பொட்டும் கீழே இறங்காது. பிறகு ஏறியது எது?

"அம்மா, டேப்பைக் குடு." வாங்கிக்கொண்டு, கையில் கிடைத்த தோசைக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு ஓடினாள். "ஏய், தோசைக் கரண்டி எதுக்குடி?" என்ற கேள்வி வாசல்வரைதான் வந்தது.

சர்வே ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பன்னிரண்டாம் நம்பர் மரத்தடியில் உட்கார்ந்து மணலைச் சுரண்டினாள். மாவு போன்ற வெளிர் மணல், சுரண்டச் சுரண்டச் சரிந்தது. ஒரு சாண் ஆழம் போனது. இன்னும் நாலு விரல். கரண்டி முனையில் கறுப்பாக, பாய் போல, உதிர்ந்து மக்கிய சவுக்கு ஊசிகள் வந்தன. அதுதான் பழைய தரை. அந்த இடத்தில்தான் அடிமரம் சட்டென்று அகன்று, வேர்களாகக் கால் விரித்து நின்றது. மேலே நின்று பார்த்தால் அந்தக் காலே தெரியாது. மண்ணில் சொருகிய தூண் மாதிரி இருக்கும்.

கறுப்புப் பாயின் மேல் டேப்பின் நுனியை வைத்து மேலே இழுத்தாள். நூற்று முப்பத்தேழு. சிவப்புப் பொட்டின் நடுவில் வந்து நின்றது.

யாருமில்லாத தோப்பில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்தபோது கண்ணில் நீர் வந்தது. மேட்டிலிருந்து வீட்டுக்குள் வர வேண்டிய மணலையெல்லாம் இந்த மரங்கள் மூன்று வருஷமாக மறித்துத் தங்கள் காலடியிலேயே போட்டுக்கொண்டிருக்கின்றன. தரை உயர்ந்துவிட்டது. உயர்ந்த தரையில் குச்சியை ஊன்றி, மரத்தின் மெலிந்த இடத்தை அளந்து, பருக்கவில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள். வேலை செய்த குற்றத்துக்காக மரத்தை வெட்டப் போகிறார்கள்.

வீடு திரும்பியபோது லைனிங் மூட்டை பிரிந்து கிடந்தது. சுந்தரி மடியில் நான்கு நோட்டுகள்.

"லைனிங் எடுக்கப் போனேன். இன்னாடி கணக்கு இது?"

"மரம்."

"எத்தினி நாளா?"

"மூணு வருஷமா."

சுந்தரி பக்கங்களைப் புரட்டினாள். எண்கள், கட்டங்கள், கோடுகள். மகள் யாருக்கோ கடிதம் எழுதுகிறாள் என்று இத்தனை நாள் அவள் உள்ளுக்குள் பயந்துகொண்டிருந்தாள் என்பது அந்தப் பெருமூச்சில் தெரிந்தது. மரங்களை வெட்டப் போவதையும், ஆபீசரிடம் தான் பேசப் போவதையும் பவ்யா சொன்னதும் அந்த நிம்மதியும் போய்விட்டது. "ஆபீஸ் ஆளுங்களோட நமக்கு இன்னா வம்பு? பெரிய படிப்பு படிச்சவங்க. நீ பாட்டுக்குப் போய் நிக்காதே."

"போவேன்."

"ஸ்கூலுக்குப் போடி போடின்னு காலைப் புடிக்காத குறையா கெஞ்சினேன். அப்ப போவ மாட்டேன்னே. இப்ப போவேன்றியா?"

"அங்க எனுக்குத் தெரியாததைக் கேட்டாங்க. இது எனுக்குத் தெரியும்மா."

சுந்தரி நோட்டுகளை அடுக்கினாள். மூட்டைக்கடியில் திரும்ப வைக்கவில்லை, மெஷின் மேலேயே வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து வனத்துறை ஆபீசர் மமதா ஜீப்பில் வந்து இறங்கியபோது பத்து மணி. கன்னடக்காரப் பெண்மணி. கோலாரில் வேலை பார்த்துப் பார்த்துத் தமிழும் வந்திருந்தது. ஹேமந்த் ரிப்போர்ட்டை நீட்டினான். கூடவே வந்த ஆள் கையில் நீலப் பெயின்ட் டப்பா. வெட்ட வேண்டிய மரத்தில் பட்டை போடுவதற்கு. லைனிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து தள்ளி நின்றார்கள். கங்கம்மா அத்தை இடுப்பில் பம்பைச் செருகிக்கொண்டு முன்னால் நின்றாள்.

மமதா ஷீட்டுகளைப் புரட்டினார். "முதல் ஷீட்ல டேப் பிடிச்சவங்க சைன் இல்லையே?"

"ஒரு பொண்ணு மேடம்," என்றார் மேக்ஸ்வெல். "தப்புத் தப்பா அளவு சொல்லிச்சு, கேட்டா கோச்சிகினு பூடுச்சு. அப்புறம் வேற ஆள் வெச்சு முடிச்சிட்டோம்."

"தப்பா சொல்லல."

எல்லோரும் திரும்பினார்கள். பவ்யா முதலாம் நம்பர் மரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். ஒரு கையில் நோட்டுகள், மறுகையில் மண்வெட்டி.

"யாரு இந்த ஹுடுகி?"

"அதே பொண்ணுதான் மேடம். சாதாரணமா இதுக்குப் பேச்சே வராது."

"யாரும் கேக்கல, அதான் பேசல." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டாள். "மேடம், மரம் நிக்கல. தரை ஏறிடுச்சு. ஏறின மணல் மேல குச்சி வெச்சு அளந்திருக்காங்க."

ஹேமந்த் சிரிக்கவில்லை, ஆனால் பொறுமையோடு பேசினான். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "ரெண்டு தடவையும் ஒரே ரூல்படிதான்மா அளந்திருக்கோம். தரையிலருந்து ஒன்னு முப்பத்தேழு. அதனாலதான் கம்பேர் பண்ண முடியுது."

"எந்தத் தரையிலருந்து?"

ஹேமந்த் குனிந்து தன் ஷூ புதைந்திருந்த மணலைப் பார்த்தான்.

பவ்யா முதல் நோட்டைப் பிரித்து மமதாவிடம் கொடுத்தாள். "மூணு வருஷம் முன்னாடி இவங்க ஆளுங்க அளந்ததுக்கு மறுநாள் நான் அளந்தது. அவர் போன்ல பழைய அளவு இருக்கும். ஒத்துப் பாருங்க."

மமதா நோட்டைப் படிக்க, ஹேமந்த் போனைப் பார்த்துச் சொன்னான். நாலாம் நம்பர், நாற்பத்தொன்பது புள்ளி எட்டு. நோட்டில் நாற்பத்தொன்பது ஏழு. பன்னிரண்டு, ஐம்பத்திரண்டு மூன்று. நோட்டிலும் ஐம்பத்திரண்டு மூன்று. இருபத்தாறு, நாற்பத்தைந்து ஒன்று. நோட்டில் நாற்பத்தைந்து. இப்படி ஏழு மரம் பார்த்து முடிப்பதற்குள் ஹேமந்தின் குரல் இறங்கிவிட்டிருந்தது.

"பழசு சரி," என்றான். "ஆனா அப்புறம் நீ எங்க அளந்தேன்னு எப்படி நம்பறது? இந்த நெயில் பாலிஷ் புள்ளிதான் ஆதாரம்னா, அதை யாரும் எங்க வேணா வைக்கலாம். கீழ வெச்சா அளவு ஏறத்தான் செய்யும்."

"வேணாம்னா அதை விட்டுடலாம்." பவ்யா மரத்திலிருந்து முதுகை எடுத்துத் திரும்பினாள். மூன்று வருஷம் பொட்டு மேல் பொட்டாக வைத்துக் காத்த சிவப்பை நகத்தால் சுரண்டி எடுத்து ஊதிவிட்டாள். "போச்சு. இப்ப நீங்களே ஒரு மரம் சொல்லுங்க மேடம். எது வேணா."

"முப்பது," என்றார் மமதா.

கூட்டம் முப்பதாம் நம்பருக்கு நகர்ந்தது. பவ்யா கடைசி நோட்டைப் பிரித்தாள். "என் நோட்டுல இந்த மரம் மூணு வருஷத்துல ரெண்டு புள்ளி நாலு சென்டிமீட்டர் பருத்திருக்குது. சார் டேப்புல பருக்கவே இல்ல. ரெண்டும் நிஜம்னா, இவங்க ரெண்டு புள்ளி நாலு மெலிஞ்ச எடத்துல அளந்திருக்காங்க. இந்த மரங்க அடில ஒரு மீட்டருக்குப் பன்னெண்டு மெலியுது. அப்போ ரெண்டு புள்ளி நாலுக்கு இருபது. இருபது சென்டிமீட்டர் தோண்டினா பழைய தரை வரணும். வரலைன்னா வெட்டிக்கோங்க. நான் கையெழுத்து போடறேன்."

"ஏய், இன்னாடி பேசறே!" கூட்டத்திலிருந்து சுந்தரி பதறினாள்.

பவ்யா மண்வெட்டியை ஓங்கினாள். முதல் கொத்தில் மணல் சரிந்து குழியை மூடியது. இரண்டாவதிலும் அப்படியே. "நல்லா மண்ணு வருது," என்றார் மேக்ஸ்வெல். "இன்னும் தோண்டு, தங்கமும் வந்தாலும் வரும்."

"வந்தா உனுக்கில்ல, கம்முனு இரு," என்றாள் கங்கம்மா அத்தை.

பதினைந்து சென்டிமீட்டர். இருபது. வெறும் வெள்ளை மணல். மேக்ஸ்வெல் பெயின்ட் டப்பா வைத்திருந்தவனைப் பார்த்தார். பவ்யா நிமிரவில்லை. இன்னொரு கொத்துப் போட்டாள். மண்வெட்டி எதிலோ மெத்தென்று இறங்கியது. இழுத்தபோது கறுப்பாக, ஈரமாக, ஊசி ஊசியாக வந்தது. கையால் மணலை ஒதுக்கினாள். அடிமரம் இரண்டு பக்கமும் அகன்று வேராக விரிந்து கிடந்தது.

ஹேமந்த் மண்டியிட்டுத் தன் ஸ்கேலையே வைத்துப் பார்த்தான். "இருபத்திரண்டு," என்றான். ஸ்கேலை ஊதித் துடைத்து மறுபடியும் வைத்துப் பார்த்தான். பிறகு, "ரெண்டு சென்டிமீட்டர் தப்பு, பவ்யா" என்றான்.

"உங்களுது இருபத்திரண்டு சென்டிமீட்டர் தப்பு சார்."

முதலில் சிரித்தது மமதாதான். சிரித்தபடியே பெயின்ட் டப்பாக்காரனை ஜீப்புக்குப் போகச் சொல்லிக் கை காட்டினார். "இன்னிக்கு மார்க்கிங் இல்லை. ஹேமந்த், திரும்ப எடுக்கணும்."

"எடுத்துடலாம் மேடம். ஒரு அஞ்சு மரம் சாம்பிளா தோண்டினா போதும். சராசரி மணல் எவ்வளவுன்னு பாத்து மீதிக்கெல்லாம் மாடல்லயே கரெக்ஷன் போட்டுக்கலாம்."

"போதாது," என்றாள் பவ்யா.

"போதும்மா, ஸ்டாட்டிஸ்டிக்ஸ்படி…"

"மேட்டுக்கு நேரா நிக்கறதுல மணல் ஜாஸ்தி. வரிசையோட ரெண்டு கோடிலயும் கம்மி. சராசரி போட்டா கோடில நிக்கறது வளந்த மாதிரியும் நடுவுல நிக்கறது வளராத மாதிரியும் வரும். நடுவுல இருக்கற பத்தை மட்டும் வெட்டலாம்னு அப்புறம் எழுதுவீங்க. அந்தப் பத்துதான் மேட்டுக்கு நேர் எதிர்ல நிக்குது. நாப்பத்தொண்ணும் அளக்கணும்."

மமதா மணி பார்த்தார். "நாற்பத்தொண்ணும் தோண்ட எங்கிட்ட ஆளில்லம்மா. ஆள் வாங்கறதுக்கு நான் மேல எழுதணும். அது ஆடி கழிஞ்சுதான் ஆகும். அதுக்குள்ள மேலருந்து வெட்டச் சொல்லி ஆர்டர் வந்தா என் கையில இல்லை."

"ஆளைக் கேக்கவே இல்ல மேடம். குச்சியோட ஒருத்தர் நின்னு, நாங்க தோண்டற எடத்துல அளந்து எழுதினா போதும்." அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. முதலாம் நம்பர் மரத்துக்குத் திரும்பி நடந்தாள். அவள் சுரண்டி எடுத்த பொட்டின் இடத்தில் பட்டை வெளுத்திருந்தது. அங்கே காலை அகட்டி நின்று கொத்தினாள்.

பின்னால் பெண்கள் வீடுகளை நோக்கிக் கலைந்து போனார்கள். வேடிக்கை முடிந்தது என்றுதான் மேக்ஸ்வெல் நினைத்தார். சற்று நேரத்தில் ஒருத்தி கடப்பாரையோடு வந்தாள், இன்னொருத்தி களைக்கொட்டோடு. சுந்தரி வீட்டுப் பழைய மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, மகளைப் பார்க்காமல், இரண்டாம் நம்பர் மரத்தடியில் புடவையைத் தூக்கிச் செருகினாள். "எனுக்குக் கொத்த மூச்சு இல்ல," என்று கங்கம்மா அத்தை ஒரு இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து போட்டாள். "அள்ளிக் கொட்டறேன். எங்க கொட்டறது, அதைச் சொல்லு."

"மேட்டுப் பக்கம் கொட்டு அத்தை. வந்த எடத்துக்கே போவட்டும்."

மேக்ஸ்வெல் சட்டைக் கையை மடித்து ஏற்றினார். பிறகு, "இப்டிக் கொத்தினா வேரை அறுத்துடுவீங்க, தள்ளும்மா" என்று சுந்தரி கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டார்.

முதலாம் நம்பரில் பதினாறு சென்டிமீட்டரில் கறுப்பு வந்தது. பவ்யா குழியை அகலமாக்கி, வேர்க்காலைச் சுற்றித் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள். முகமெல்லாம் வெள்ளை மண். ஹேமந்த் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுக் குச்சியோடு நின்றான். பழக்கதோஷத்தில் குச்சி குழியின் விளிம்பிலேயே ஊன்றியிருந்தது.

"அங்க இல்ல," என்றாள் பவ்யா. "உள்ள எறங்கி வைங்க சார்."